காற்றுக்கும் லாரி வாடகை

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும்போது ஃபிரெடியைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். மான்மவுத் ஜங்ஷன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு எழுபது பவுண்டு. அதற்கு மேல் போனால் விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லி மானத்தை வாங்கிவிடுவார்கள் என்ற பயம் நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஃபிரெடி தன் ஸ்பிரிங் தராசோடு வருவான். பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்குவான், முகத்தைச் சுளிப்பான். ஷாம்பு பாட்டிலை வெளியே எடு, சாக்லேட் டப்பாவைக் கடாசிவிட்டுச் சாக்லேட்டை மட்டும் வை என்று உத்தரவு போடுவான். கடைசியில் எழுபதுக்கு ஒரு மயிரிழை குறைவாகப் பெட்டியை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், ராக்கெட் விட்டவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் மனைவி பலகாரத்தை லாரியில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பப் போகிறாள் என்றால் சும்மா இருப்பானா?

மனைவி ஜெபராணி. நாகர்கோவிலில் எட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தபின் வேலைக்குப் போக விசா இடம் கொடுக்கவில்லை. 1998 வசந்த காலத்தில் ஒருவழியாக கிரீன் கார்டு வந்தது. வந்த மறுநாளே தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: கம்ப்யூட்டர் படி. எடிசனில் கலாவதி என்றொரு பெண்மணி பேஸ்மென்டில் ஆறு வாரத்துக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பயந்துகிடந்த நேரம், ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் பம்பாயில் மூன்று வருஷம் வேலை பார்த்ததாக ரெஸ்யூமேயைக் கலாவதியே எழுதிக்கொடுத்துவிடுவாள். ஜெபராணி பம்பாயை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பொய்தான் அவளுக்கு இறங்கவில்லை. அவளுக்கு வேறொரு ஆசை இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் சுடும் அச்சுமுறுக்கை நண்பர் ஒருவர் கலிபோர்னியாவில் பிளசன்டனுக்கு எடுத்துப்போய், அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் அபுதாஹிரிடம் கொடுத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், நாக்கு நீளம். தின்று பார்த்த சூட்டிலேயே போன் போட்டு, மொத்தமாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஜெபராணி சர்ச் சமையலறையை வாடகைக்குப் பிடித்தாள், டவுன்ஷிப்பில் லைசென்ஸ் வாங்கினாள். ஃபிரெடி ஒரே ஒரு நிபந்தனை போட்டான். கிறிஸ்துமஸுக்குள் இந்த வியாபாரம் காலூன்றினால் சரி. இல்லாவிட்டால் ஜனவரியில் கலாவதியின் பேஸ்மென்ட். அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

நவம்பர் தொடக்கத்தில் முதல் சரக்கு தயாரானது. பேலட் என்கிற மரப்பலகைத் தட்டு ஒன்று நிறைய அச்சுமுறுக்கு. ஃபிரெடி தராசோடு வந்து நின்றான். அவள் தகர டின்னில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். கனம் என்று அதைத் தூக்கி மூலையில் வைத்தான். மெல்லிசு பிளாஸ்டிக் டப்பாவில் தளர்வாகப் போட்டு, டப்பாவைச் சுற்றி வெள்ளை நுரைத் துணுக்குகளைக் கொட்டி, பெரிய பெரிய அட்டைப்பெட்டிகளில் அடைத்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கிக் காட்டிச் சிரித்தான். போதாக்குறைக்கு ஜெபராணிக்கு ஒரு ஆசை வந்தது. கிறிஸ்துமஸ் சரக்கு அல்லவா, கடை வாசலில் கட்ட ஒரு நட்சத்திரம் அனுப்பலாமே என்று மூங்கில் குச்சியில் தானே கட்டிக் காகிதம் ஒட்டிய பெரிய நட்சத்திரத்தை நெட்டுக்குத்தலான ஒரு பெட்டியில் வைத்து உச்சியில் நிறுத்தினாள். அதன்மேல் எதையும் வைக்காதே என்று சிவப்பு மையில் எழுதியும் ஒட்டினாள். தேர் மாதிரி இருந்தது. எடையோ காற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

லாரிக் கம்பெனிக்கு போன் செய்தபோது என்ன கிளாஸ் என்று கேட்டார்கள். ஃபிரெடிக்குத் தெரியவில்லை. பொதுவாக எல்லோரும் என்ன போடுவார்கள் என்று கேட்டான். பலரும் நூறு என்று போடுவார்கள் என்றாள் போனில் பேசிய பெண். இவனும் நூறு என்று போட்டான். அவ்வளவுதான் யோசனை. கூலி இவ்வளவு வரும் என்று அபுதாஹிருக்குச் சொன்னார்கள். சரக்கை இறக்கும்போது அவர் கட்டுவதாக ஏற்பாடு.

ஒன்பதாம் நாள் அபுதாஹிர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஜெபராணிக்குப் பிற்பாடு தோன்றியது.

"தங்கச்சி, சரக்குல ஒரு கொறையும் இல்ல. சனிக்கெழம வெச்சேன், ஞாயித்துக்கெழம ரேக் காலி. ஆனா லாரிக்காரன் நீங்க சொன்னதுக்கு ரெண்டு மடங்கு வாங்கிட்டுப் போயிட்டான். இப்படி வந்தா எனக்குக் கட்டாதும்மா. அடுத்த லோடு வேணாம், என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் போனை வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை லேசான சரக்குக்கு இத்தனை கூலியா? பகல்கொள்ளை என்றான் ஃபிரெடி. எடையைத் தப்பாகப் போட்டிருப்பான், விடாதே, கூப்பிட்டுக் கேள் என்று குதித்தான். அவள் லாரிக் கம்பெனியைக் கூப்பிட்டாள். போனை எடுத்த பெண்ணுக்கு இதுபோல ஒரு நாளைக்கு நூறு சண்டை இருக்கும்போல. எந்த உணர்ச்சியும் இல்லாமல் கணக்கை எடுத்துப் பார்த்தாள். எடை சரியாகத்தான் இருந்தது. முந்நூற்று இருபது பவுண்டு. வழியில் அளந்து பார்த்ததில் கிளாஸ் நூறு இல்லை, இருநூற்றைம்பது என்று மாற்றியிருக்கிறார்கள். எண் ஏற ஏறக் கூலியும் ஏறும். எதை வைத்து மாற்றினீர்கள் என்று ஜெபராணி சீறினாள்.

"டென்சிட்டி, மேடம். பவுண்ட்ஸ் பெர் க்யூபிக் ஃபுட்."

அடர்த்தி, அதாவது ஒரு கன அடி இடத்துக்கு எத்தனை பவுண்டு எடை என்ற கணக்கு. அந்தப் பெண் விளக்கிக்கொண்டே போனாள். செங்கல் மாதிரிச் சரக்கு ஐம்பதாம் கிளாஸ், பிங்பாங் பந்து ஐநூறாம் கிளாஸ், மற்றதெல்லாம் நடுவில். லாரி தாங்குகிற எடை ஏறி முடியுமுன்னே இடம் தீர்ந்துவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் இடத்தை அடைக்கிற லேசான சரக்குக்கு அதிகக் கூலி. உயரத்தை எப்போதும் உச்சி வரைக்கும்தான் அளப்பார்கள், உச்சியில் ஒரே ஒரு பெட்டி நின்றாலும் மொத்தத் தட்டும் அந்த உயரம் என்றுதான் கணக்கு. உங்கள் தட்டில் மேலே ஏதோ நெட்டையாக நின்றதாமே, அதன்மேல் எதையும் வைக்காதே என்று வேறு எழுதியிருந்ததாமே.

நட்சத்திரம்! ஜெபராணிக்குக் காது இரண்டும் சுட்டது.

எட்டு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு அடர்த்தி நடத்தியவள் அவள். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. மறந்த பிள்ளைகளை நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கிறாள். ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் மேசையில் வைத்து, எது அதிக இடம் பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியிருக்கிறாள். அப்படிப்பட்ட மகராசி தன் சரக்கை ஏற்றும்போது கையில் என்ன வைத்திருந்தாள்? தராசு மட்டும். அளவு நாடாவை எடுக்கவே இல்லை. விமானத்தில் பெட்டி ஒரே அளவு, எடைதான் எமன். லாரியில் கதையே வேறு என்று அவளுக்கும் தோன்றவில்லை, ராக்கெட் விட்டவனை மிஞ்சிய ஃபிரெடிக்கும் தோன்றவில்லை. போனை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் தாங்காமல் வந்த சிரிப்பு.

மீந்திருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகிலேயே கணக்குப் போட்டாள். நட்சத்திரத்தோடு சேர்த்தால் கன அடிக்கு நாலு பவுண்டுகூடத் தேறவில்லை. நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டால் ஆறு. அப்போதும் பெரிய ஆதாயமில்லை. கூலி நன்றாக இறங்க வேண்டுமானால் பதினைந்தைத் தொட வேண்டும். நுரைத் துணுக்கைத் தூக்கி எறியலாம், பெட்டியைச் சின்னதாக்கலாம், முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கலாம். எல்லாம் செய்தாலும் அச்சுமுறுக்கு என்பதே ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் மாவு. அதை எவ்வளவுதான் நெருக்குவது? பொடியாக்கினால் பதினைந்து வரும், பொடியை யார் வாங்குவார்கள்?

அன்று முழுக்கச் சமையலறையில் நடந்தபடியே இருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். உள்ளே ஒரு வாளி முந்திரிக்கொத்து இருந்தது. வீட்டுக்கென்று சுட்டது. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் ஏலக்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மும்மூன்றாக ஒட்டி மாவில் முக்கிப் பொரித்தெடுப்பது. பார்ப்பதற்கு ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, கறுத்த கல் மாதிரிதான் இருக்கும். வாளியைத் தூக்கிப் பார்த்தாள், கை இழுத்தது. அந்தக் கனத்துக்குப் பயந்துதான் அதை விற்கவே அவள் நினைக்கவில்லை. கிலோக் கணக்கில் லாரிக்குக் கொட்டி அழ முடியுமா என்று ஒதுக்கியிருந்தாள். இப்போது அதையே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ஃபிரெடி வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். தட்டின் அடியில் முந்திரிக்கொத்துப் பெட்டிகள், மேலே அச்சுமுறுக்கு. உயரம் நாலடிக்கு மேல் ஒரு அங்குலம் கூடாது, உச்சி மேசை மாதிரி தட்டையாக இருக்கணும், பலகைக்கு வெளியே எதுவும் துருத்தக் கூடாது. எடை எண்ணூறு பவுண்டு வரும். அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்காததுதான் பாக்கி.

"முந்நூறுக்கே தாலியறுத்தான், நீ எண்ணூறு ஏத்துறேன்னு சொல்லுத. கனத்தக் கூட்டுனா கூலி கொறையுமா? எந்த ஊரு நியாயம்ட்டி இது?"

"கூலி எடைக்கு மட்டும் இல்லங்க. நாம போன தடவ அனுப்புனதுல முக்காவாசி காத்து. காத்துக்கும் சேத்துத்தான் அந்த அண்ணாச்சி வாடகை குடுத்தாரு. இந்தத் தடவ அந்த எடத்துல பலகாரத்த வைக்கேன்."

அவன் அட்டைப்பெட்டியின் முதுகில் இருந்த கணக்கை நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான். எஞ்சினியர் அல்லவா, தலையெழுத்தே என்று உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெட்டியைக் கனமில்லாமல் கட்டு என்று அவளை விரட்டியது தான்தானே என்று அவன் முகம் சுருங்கிப்போனது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நட்சத்திரம் வைத்தது நான்தானே என்று சொல்லிவிட்டு இட்லிப் பானையை அடுப்பில் வைத்தாள்.

அபுதாஹிரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெபராணி போனில் நடந்ததை நடந்தபடி சொன்னாள், நட்சத்திரக் கதையைக்கூட மறைக்கவில்லை. அவர் சிரித்தார், ஆனாலும் இறங்கிவரவில்லை. கடைசியில் இந்த லோடுக்கு லாரிக்கூலி என் பொறுப்பு, நீங்கள் ஒரு காசு கட்ட வேண்டாம் என்றாள். முந்திரிக்கொத்தும் சேர்ந்து வரும், விற்றால் காசு கொடுங்கள், விற்காவிட்டால் தூரப் போட்டுவிடுங்கள், அதை நான் பாரத்துக்குத்தான் வைக்கிறேன் என்றாள். வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர், பாரத்துக்குப் பலகாரம் அனுப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். சரி அனுப்புங்கள் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு சர்ச் சமையலறையில் கருப்பட்டி வாசனை பாஸ்டர் அறை வரைக்கும் ஏறியது. நெருக்கி அடுக்கினால் முறுக்கு நொறுங்குமா என்று பார்க்க, ஃபிரெடி ஒரு பெட்டியைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு ரூட் ஒன்றில் இருக்கிற பள்ளம் ஒன்றைக்கூட விடாமல் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தான். தளர்வாக வைத்தபோது உடைந்ததைவிடக் குறைவாகத்தான் உடைந்திருந்தது. ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கின்றன. அவன் உடைந்த துண்டுகளைத் தின்றுகொண்டே வந்து சேதி சொன்னான்.

டிசம்பர் முதல் வாரத்தில் தட்டை லாரிக் கிடங்கில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட் அதைத் தூக்கும்போது முனகியது. அங்கிருந்த ஆள் நீளம், அகலம், உயரம் அளந்தான், தராசைப் பார்த்தான், கிளாஸ் எழுபது என்று தாளில் எழுதினான். ஜெபராணி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். இங்கே எழுதுவது எழுத்தா? போன தடவையும் நூறு என்று இங்கிருந்துதானே போனது. நாடு முழுக்கத் தாண்டிப் போகிறது, நடுவில் எவனாவது அளந்து பார்த்துத் திருத்தினால் எண்ணூறு பவுண்டுக்கும் சேர்த்து அவள் தலையில் விடியும். அப்புறம் கலாவதிதான், பேஸ்மென்ட்தான், பம்பாய்தான்.

அந்தக் கவலை ஒரு பக்கம். இன்னொரு கவலையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூலி குறைந்தே வந்தாலும், அடியில் கிடக்கிற முந்திரிக்கொத்து அப்படியே தங்கிவிட்டால்? பாரத்துக்கு வைத்தேன் என்று வாய் சொன்னதே தவிர, விடிய விடிய நின்று உருட்டியது கை. கைக்குத் தெரியாதா அது வெறும் பாரமில்லை என்று.

சரக்குச் சேர்ந்த சேதி வந்தது. நாலைந்து நாள் கழித்து லாரிக் கம்பெனியின் பில்லும் வந்தது. ஃபிரெடி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். கிளாஸ் எழுபது. யாரும் திருத்தவில்லை. முதல் தடவையைப்போல இரண்டரை மடங்கு எடை போயிருக்கிறது, கூலியோ முதல் தடவையைவிடக் குறைவு. ஃபிரெடி அந்தத் தாளை விளக்குக்கு நேரே பிடித்துக் கள்ளநோட்டைச் சோதிப்பதுபோலச் சோதித்தான். நம்ப முடியாமல் சிரித்தான். ஜெபராணி சிரிக்கவில்லை. கடையிலிருந்து போன் வரட்டும் என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தப் போன் வந்தது. நட்சத்திரம் கட்டிய வீட்டில் விருந்தாட்கள் நிறைந்திருந்தார்கள், பக்கத்து வீட்டு ஸ்வர்ணா ஆன்ட்டி பிரியாணி அண்டாவோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். ஜெபராணி போனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஃபிரெடியும் பின்னாலேயே புகுந்துகொண்டான்.

அபுதாஹிர் வழக்கமான நலம் விசாரிப்பை நிதானமாக முடித்தார். பிறகு முந்திரிக்கொத்து விஷயத்தில் தனக்கு வருத்தம் இருக்கிறது என்றார். ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருத்தம் என்னன்னா, நீங்க அத மொதல்லயே அனுப்பல பாருங்க. நோன்பு ஆரம்பிச்ச அன்னிக்கு ஒரு பாக்கெட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். என் வீட்டுக்காரி மெஹர் நிஷா நோன்பு தொறக்க வெச்சா. மறுநாள் பள்ளிவாசலுக்குன்னு அஞ்சு பெட்டி தூக்கிட்டுப் போயிட்டா. மிச்சத்த உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க வந்து அள்ளிட்டாங்க. ஒரு பொண்ணு சன்னிவேல்லேர்ந்து வந்துச்சு, காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சு நின்னுக்கிட்டே தின்னுச்சு. இப்ப என்கிட்ட அச்சுமுறுக்கு இருக்கு, இது இல்ல. நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி ஒரு முழுத் தட்டு முந்திரிக்கொத்து தருவீங்களா? லாரிக்கூலிய நான் கட்டிக்கிறேன்."

ஜெபராணி கண்ணைத் திறந்தாள். வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரம் என்று ஒளித்து வைத்தது, அழகில்லை என்று அடியில் அடுக்கியது, அதுதான் வேண்டுமாம். தரேன் அண்ணாச்சி, மாசா மாசம் வேணும்னாலும் தரேன் என்றாள். அந்தப் பக்கம் அவர், அப்படியானால் மாதாமாதம் என்றே வைத்துக்கொள்வோம் என்றார்.

போனை வைத்ததும் அழுதாள். சத்தம் வராமல், தோள் குலுங்க, நன்றாகவே அழுதாள். ஃபிரெடி அவள் கையிலிருந்து போனை வாங்கினான். அவளைத் தேற்றத்தான் வாங்குகிறான் என்று நினைத்தாள். அவனோ எண்ணை அழுத்த ஆரம்பித்தான். கலாவதி வீட்டு எண். ஹேப்பி கிறிஸ்துமஸ் சொன்னான். ஜனவரி பேட்ச்சில் ஜெபராணி பேரை எடுத்துவிடச் சொன்னான். அந்தப் பக்கம் கலாவதி உரக்கப் பேசுகிறவள், அவள் கேட்டது அறை முழுக்கக் கேட்டது. வேலை கிடைச்சிடுச்சா, எந்தக் கம்பெனி, நம்ம பசங்க வேற யாரையாவது எடுப்பாங்களா?

ஃபிரெடி மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் துவாலையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கெடச்சிட்டு. அவ கம்பெனிதான். ஆளு எடுப்பாளான்னு இருங்க, கேட்டுச் சொல்லுதேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, உண்மையாகவே பதிலுக்காக அவள் முன்னால் நின்றான். ஒரு முழுத் தட்டு என்றால் இரண்டு பேர் கை போதாது என்று அவள் அதற்குள் கணக்குப் போட்டிருந்தாள். எடுப்பேன் என்று சொல்லச் சொன்னாள்.